கண் காண்பதும் கருத்து அறிவதும்



"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரித்து அறிவதே மெய்" என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாய் வழங்கும் பழமொழி. பிறர்மீது அவசரப்பட்டுப் பழி கூறுவோரைத் தடுக்கவே இதனைப் பெரும்பாலும் சொல்லுகின்றோம். ஆயின் இதனுள் வேறொரு வினாவும் அடங்கியிருக்கின்றது. காண்பது ஒரு செயல், அறிவது மற்றொரு செயல் எனின், அவ்விரண்டிற்கும் இடையே நிகழ்வது யாது? கண் ஒன்றைக் கண்டும் மனம் அதனை அறியாதிருத்தல் கூடுமோ? கூடுமாயின், மனம் அறியாத அக்காட்சி நம்மை நடத்துமோ? நடத்துமாயின், அச்செயலுக்குப் பொறுப்பாளி யார்?

இவ்வினாக்கள் ஏட்டுப் பண்டிதர்க்கு மட்டும் உரியன அல்ல. வேலைத்தலத்திலும் கடைவீதியிலும் பிறருடைய முதற் பார்வையால் அளக்கப்பட்டுவரும் நம் மக்களுக்கு இவை வாழ்வோடு ஒட்டியவை. ஆதலின் இப்பாடத்தில் இவற்றை ஒழுங்காக ஆராய்வோம். முதலில் மருத்துவ நூலார் கண்டறிந்த செய்திகளையும், பின்னர்த் தம்ம நூலார் கூறும் முறையையும், இறுதியில் இரண்டாலும் நாம் கொள்ளத்தக்க பயனையும் காண்போம்.

1. பார்வை செல்லும் வழி

விழியின் உட்புறத்தில் ஒளியை ஏற்கும் திரை ஒன்றுண்டு. அத்திரையிலிருந்து, ஒவ்வொரு கண்ணுக்கும் ஏறத்தாழ 10 இலட்சம் நரம்பிழைகள் ஒரு கற்றையாய்த் திரண்டு மூளைக்குச் செல்கின்றன. அவை யாவும் ஓரிடத்திற்கே போவதில்லை. பெரும்பகுதி இழைகள் மூளையின் நடுவே ஓரிடத்தில் கைமாறி, பிடரிப் பக்கத்திலுள்ள காட்சிப் புறணியை அடைகின்றன. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இழைகளோ அவ்வழியே செல்லாமல், மூளைத் தண்டின் மேற்பகுதியில் உள்ள மிகப் பழமையான ஒரு சிறு மேட்டினைச் சேர்கின்றன. மீனுக்கும் தவளைக்கும் பார்வையின் தலைமை இடமாய் இருப்பது அதுவே. நமக்கும் அது ஓயாமல் உழைக்கின்றது. பக்கத்தில் ஏதேனும் சட்டென அசைந்தால், 'அஃது என்ன?' என்று நாம் நினைப்பதற்கு முன்னரே கண்ணையும் கழுத்தையும் அத்திசைக்குத் திருப்புவது அதன் தொழில்.

இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. இடப்புறத்துக் காட்சி வலமூளைக்கும், வலப்புறத்துக் காட்சி இடமூளைக்கும் செல்லும். ஆகவே ஒருபக்கத்துப் பிடரிமூளை கெட்டால், இரு கண்களும் நலமாய் இருந்தும் எதிர்ப்பக்கத்து அரையுலகம் மறைந்துபோகும். பிடரிமூளையின் எவ்விடம் காட்சியின் எப்பகுதிக்கு உரியது என்று முதன்முதல் நுட்பமாய் வரைந்தோருள் ஒருவர் தாட்சுஜி இனோயே என்னும் ஜப்பானியக் கண் மருத்துவர். 1904–1905-இல் நடந்த ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டு பாய்ந்தும் பிழைத்த வீரர்களைச் சோதித்து, 1909-இல் அவர் தம் ஆய்வை நூலாக்கினார்.

2. காணாதவர் காட்டிய திசை

இங்கிலாந்தில், டி.பி. என்னும் ஈரெழுத்தால் மட்டும் நூல்களிற் குறிக்கப்படும் ஒருவர்க்கு வலப் பிடரிமூளையில் அறுவை செய்யப்பட்டது. அதன்பின் அவருக்கு இடப்புறப் பார்வையின் பெரும்பகுதி இல்லாது போயிற்று. லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் என்னும் உளநூல் அறிஞரும் அவர்தம் தோழரும் அவரைச் சோதித்தனர். குருடாகிய அவ்விடத்தில் ஒளிப்புள்ளி ஒன்றைக் காட்டி, "எங்கே இருக்கின்றது?" என வினவினர். "ஒன்றும் தெரியவில்லை" என்றார் அவர். "தெரியாவிடினும் ஊகித்துக் கைநீட்டுக" என்றனர். அவர் கை பெரும்பாலும் சரியான இடத்திற்கே சென்றது. கோடு நிமிர்ந்ததா கிடந்ததா என்று ஊகிக்கச் சொன்னபோதும், ஊகம் வியக்கத்தக்க அளவில் மெய்யாயிற்று. தாம் இவ்வளவு சரியாகச் சொன்னதை அறிந்தபோது அவரே வியந்தார். 1974-இல் வெளியான இவ்வாராய்ச்சிக்குப்பின், இந்நிலைக்குக் 'குருட்டுப் பார்வை' என்னும் பெயர் நிலைத்தது.

இருபக்கப் பிடரிமூளையும் பக்கவாதத்தால் அழிந்து, முழுக் குருடரான மருத்துவர் ஒருவரைப் பற்றிய செய்தி 2008-இல் வெளியாயிற்று. பெயாட்ரிஸ் டி கெல்டர் என்னும் அறிஞரின் குழுவினர், பெட்டி முதலிய பொருள்களைத் தாறுமாறாய் வைத்த நீண்ட தாழ்வாரம் ஒன்றில் அவரை ஊன்றுகோலின்றி நடக்கச் செய்தனர். அவர் ஒன்றின்மீதும் மோதாமல், வளைந்தும் ஒதுங்கியும் கடந்து சென்றார். எவ்வாறு ஒதுங்கினார் என்பதை அவரால் கூற இயலவில்லை. இதே மனிதர்க்குச் சினமுற்ற முகத்தையும் மகிழ்ந்த முகத்தையும் காட்டி ஊகிக்கச் சொன்னபோது, தற்செயலாய் நேரும் அளவினும் மிகுதியாகச் சரியாய்க் கூறினார் என்று 2005-இலேயே மற்றொரு குழுவினர் எழுதியிருந்தனர்.

இவற்றிற்கு முன்னரே, கேம்பிரிட்ஜில் காட்சிப் புறணி நீக்கப்பட்ட ஹெலன் என்னும் குரங்கினை நிக்கலஸ் ஹம்ப்ரி பல ஆண்டுகள் பழக்கினார். அது மெல்ல மெல்லத் தடைகளை விலக்கி நடக்கவும், தரையிற் கிடந்த சிறு தீனியைப் பொறுக்கவும் கற்றது. இவ்வறிவைப் பெறுவதற்கு வாயில்லா உயிரொன்று கொடுத்த விலையையும் நாம் மறத்தலாகாது.

தமிழ்நாட்டிற் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, கலிபோர்னியா சென்று புகழ்பெற்ற மூளைநூல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், 1998-இல் தாம் இணைந்தெழுதிய நூலொன்றில் இக்குருட்டுப் பார்வையைப் பொதுமக்கட்கு விளக்கினார். பழைய வழி பிழைத்திருத்தலால் கை அறிகின்றது. புதிய வழி அழிந்தமையால் 'நான் காண்கின்றேன்' என்னும் உணர்வு எழவில்லை. இதுவே அவ்விளக்கத்தின் சாரம்.

3. கை அறிந்தது, வாய் அறியவில்லை

நோயாளரிடத்தில் மட்டும் இப்பிரிவு காணப்படுவதன்று. கொச்சிக் கோட்டையின் வேளிப் பகுதியில் உள்ள சலவைத்துறைக்குச் சென்று பாருங்கள். தமிழகத்திலிருந்து சென்ற குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாய் அங்கே துணி வெளுக்கின்றனர். உலர்த்தும்போது அவர் கிளிப்பு எதனையும் பயன்படுத்துவதில்லை. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடையே துணியின் முனையைச் செருகிக்கொண்டே விரைந்து செல்கின்றனர். முறுக்கு எங்கே விலகுகின்றது, முனை எந்தக் கோணத்திற் புகவேண்டும் என்று அவர் எண்ணி எண்ணிச் செய்வதில்லை. நூலாலையில் ரிங் பிரேமின் முன் நின்று உழைத்தோரும் இதனை அறிவர். ஓடுகின்ற கதிர்களுக்கிடையே அறுந்த இழையை விரல் ஒட்டிவிடும். அதனை விளக்கிச் சொல் என்றால் நா தடுமாறும்.

கண்ணிலிருந்து கைக்குச் செல்லும் வழியும், கண்ணிலிருந்து பொருளறிவிற்குச் செல்லும் வழியும் வேறுவேறு என்று டேவிட் மில்னர், மெல்வின் குடேல் என்னும் இருவர் நிறுவினர். 1988-இல் நச்சுப்புகையால் மூளை கெட்ட பெண்மணி ஒருவர் அவர்களுக்குச் சான்றாயினார். முன்னே உள்ள பிளவு நிமிர்ந்ததா சாய்ந்ததா என்று அவரால் கூறவியலாது. ஆயின் கையிலுள்ள அட்டையை அப்பிளவினுள் இடுக என்றால், கை தானே சரியாய்த் திரும்பி உள்ளே இட்டுவிடும். காட்சி கைக்கு எட்டிற்று, கருத்திற்கு எட்டவில்லை.

4. எரியும் வீடு

வலமூளையின் பக்கச்சுவர்ப் பகுதியில் வாதம் தாக்கியோர் சிலர்க்கு இடப்புறம் என்பதே உலகில் இல்லாததாகிவிடும். இலையில் வலப்பாதிச் சோற்றை உண்டு இடப்பாதியை விட்டுவிடுவர். முகத்தின் ஒருபக்கமே சவரம் செய்வர். இவ்வாறான பெண்மணி ஒருவர்க்கு மார்ஷல், ஹாலிகன் என்னும் அறிஞர் இருவர் இரண்டு வீட்டுப் படங்களைக் காட்டினர். ஒன்றில் மட்டும் வீட்டின் இடப்புறத்தில் தீ எழுந்து எரிந்தது. "இரண்டும் ஒன்றே" என்றார் அவர். "எவ்வீட்டில் வாழ விரும்புவீர்?" என்று திரும்பத் திரும்ப வினவியபோது, அவர் பெரும்பாலும் எரியாத வீட்டையே தேர்ந்தார். இது 1988-இல் வெளியான செய்தி. தீயை அவர் அறியவில்லை. ஆயினும் தீ அவரைத் தொட்டிருந்தது.

ஈண்டு இல்லறத்தார்க்கு ஒரு சொல். வீட்டில் முதியவர் ஒருவர் திடீரென ஒருபக்கச் சோற்றை விட்டாலோ, ஒருபக்கக் கதவுநிலையில் அடிக்கடி மோதினாலோ, "கண் பார்த்து நடக்கக்கூடாதா?" என்று வைதல் தகாது. பேய்பிடித்தது என்று மந்திரிப்பவரிடம் அழைத்துச் செல்லுதலும் தகாது. அஃது மூளையில் குருதியோட்டம் தடைப்பட்டதன் அடையாளமாய் இருக்கலாம். அன்றே, அந்நாழிகையே, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. பார்வையின் பாதி இழந்தோர்க்குத் தலையை அப்பக்கம் திருப்பித் தேடிப் பார்க்கும் பழக்கத்தைக் கற்பித்தால் வாழ்வு எளிதாகும். மருத்துவர் சோதித்து இசையும்வரை அவர் வண்டி ஓட்டலாகாது.

5. பார்த்தும் காணாமை

இதுவரை, அறியாமலே காண்பதைக் கூறினோம். இதன் மறுபுறமும் உண்டு. கண் நலமாயிருக்க, பொருள் எதிரே நிற்க, அதனைக் காணாதொழிதலே அது. 1999-இல் சைமன்ஸ், சப்ரிஸ் என்னும் இருவர், சிலர் பந்தெறிந்து விளையாடும் படக்காட்சியைக் காட்டி, எத்தனை முறை பந்து கைமாறுகின்றது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா வேடம் பூண்ட ஒருவர் வந்து, மார்பிலடித்துக்கொண்டு சென்றார். எண்ணியோரிற் பாதிப்பேர் அவரைக் காணவே இல்லை.

மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடத்தின் தளத்தில், 18-ஆம் நூற்றாண்டிற் சீனத்திலிருந்து வந்த நீலவெண்மை ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் கையால் வரையப்பட்டது. ஒன்றைப்போல் ஒன்றில்லை என்பர். உள்ளே புகுவோர் 'அழகிய நீலத்தளம்' என்று கூறிக் கடந்துவிடுகின்றனர். கண்ணில் எல்லா ஓடுகளும் பதிகின்றன. குனிந்து நின்று ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுபவனுக்கே வேற்றுமை தோன்றுகின்றது. கண் ஒரே கண்தான். கருத்தைச் செலுத்தியவன் மிகுதியாகக் கண்டான்.

6. தம்ம நூலார் கூறும் முறை

காட்சி ஒரே செயலன்று, பல படிகளின் தொடர்ச்சி என்பதைத் தம்ம நூலார் நெடுநாள் முன்னரே ஆராய்ந்துள்ளனர். மஜ்ஜிம நிகாயத்தின் மதுபிண்டிக சூத்திரத்தில் அவ்வரிசையைக் காணலாம். கண்ணும் உருவமும் சார்ந்து கண்ணறிவு எழுகின்றது. இம்மூன்றும் கூடுவது ஊறு. ஊற்றிலிருந்து நுகர்ச்சி, நுகர்ச்சியிலிருந்து குறிப்பு, குறிப்பிலிருந்து எண்ணம், எண்ணத்திலிருந்து 'நான், எனது, அவன், அயலான்' என்னும் விரிவு. இவ்விரிவே மனிதனைப் பின் ஆட்டிவைக்கின்றது.

அபிதம்மம் இதனை மேலும் நுணுக்கி, ஒரு காட்சி முழுமையாய் நிகழ 17 சித்தக் கணங்கள் செல்லும் என்று கணக்கிடுகின்றது. உரையாசிரியர் இதற்கொரு மாமரத்தை உவமை கூறுவர். மரத்தடியில் ஒருவன் உறங்குகின்றான். காற்றில் பழம் விழுகின்றது. ஓசையால் விழித்து, கண் திறந்து பார்த்து, கைநீட்டி எடுத்து, அமுக்கி நோக்கி, முகர்ந்து, பின்னர் உண்கின்றான். கண்ணறிவு என்பது கண் திறந்து பார்த்த அளவே. உண்ணுதலே ஜவனம் என்னும் படி. காட்சி மிக நலிவாயின், பவங்கம் என்னும் அடியோட்டம் சற்றே அசைந்து அடங்கிவிடும். அறிவு எழாது என்றும் கூறுவர். இவ்வபிதம்மத்தைச் சோழநாட்டுப் பள்ளியிலிருந்து கற்பித்து, 'அபிதம்மாவதாரம்' இயற்றிய புத்ததத்தர் நம் காவிரிக்கரையினர் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

ஆயினும் ஒன்றை எச்சரிக்கின்றோம். பழம்பெரியோர் மூளையை அறுத்துப் பார்த்தவரல்லர். இக்கால மருத்துவர் அபிதம்மத்தைச் சோதித்தவருமல்லர். இரண்டும் ஒன்றே என்று மேடையில் முழங்குதல் பகுத்தறிவுக்குப் பொருந்தாது. இரண்டும் ஒரே திசையைச் சுட்டுகின்றன என்பதே நாம் கூறத்தக்கது: காட்சிக்கும் அறிவுக்கும் இடையே படிகள் உண்டு, அப்படிகளில் நாம் நுழைய இடமும் உண்டு.

7. அறியும் உணர்வின் தொழில் யாது?

"அறியாமலே கண்ணும் கையும் இத்துணை செய்யுமாயின், அறிவுணர்வு எதற்கு?" என்று ஒருவர் வினவலாம். குருட்டுப் பார்வையரே இதற்கு விடை. அவர் பிறர் தூண்டி ஊகிக்கச் சொன்னாலன்றித் தாமாக அக்காட்சியைப் பயன்கொள்வதில்லை. ஊகித்ததில் அவருக்கு உறுதியும் இல்லை. அதனைக் கொண்டு நாளைக்குத் திட்டமிடவும் இயலாது. இன்னும் சில அறிஞர், இயன் பிலிப்ஸ் என்பார் போல்வார், இந்நோயாளர்க்கு மங்கிய உணர்வு சிறிது எஞ்சியிருக்கலாம் என்று 2021-இல் எழுதி வாதிடுகின்றனர். அவ்வழக்கு எங்ஙனம் தீரினும் ஒன்று விளங்கும். உணர்வு குன்றுமிடத்தில், தானே தொடங்கும் ஆற்றலும், பிறர்க்குச் சொல்லும் ஆற்றலும், திருத்திக்கொள்ளும் ஆற்றலும் குன்றுகின்றன.

இதனை மட்டாஞ்சேரியின் வரலாற்றைக் கொண்டே தெளியலாம். அங்கே துறைமுகத் தொழிலாளர்க்கு வேலை பகிர்ந்த முறைக்குச் 'சாப்பா' என்று பெயர். உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே எறிவர். பாய்ந்து பற்றியவனுக்கு அன்று வேலை. மற்றவன் வீட்டில் அடுப்பில்லை. பறக்கும் வில்லையைக் கண் கண்டு கை பற்றுவதற்கு நினைப்பு வேண்டுவதில்லை. பழைய வழியே போதும். ஆயின், 'மனிதரை இங்ஙனம் ஒருவர்மேல் ஒருவர் விழச் செய்தல் அநீதி' என்று காண்பதற்கு அப்பழைய வழி பயன்படாது. நின்று நோக்கவேண்டும், சொல்லாக்கவேண்டும், பக்கத்தில் முட்டுகின்றவன் பகைவனல்லன், தோழன் என்று அறியவேண்டும். சாப்பாவின் பேரால் எழுந்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று காவலர் துப்பாக்கியால் சுட்டனர். தொழிலாளர் உயிர் நீத்தனர். பின்னாளில் அம்முறை ஒழிந்தது. கை கண்டது வில்லையை. கருத்துக் கண்டது விலங்கினை.

8. முதற் பார்வையும் வினையும்

இனி நம் முதல் வினாவிற்கு வருவோம். 2006-இல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த வில்லிஸ், டொடொரொவ் என்னும் இருவர், அறியாத முகங்களை ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரமே காட்டி, 'இவர் நம்பத்தக்கவரா?' என்று கேட்டனர். அந்நேரத்திற்குள்ளேயே பார்த்தோர் தீர்ப்பளித்துவிட்டனர். கூடுதல் நேரம் தந்தபோது தீர்ப்பு பெரிதும் மாறவில்லை. தம் தீர்ப்பின்மேல் அவர்க்குள்ள உறுதியே வளர்ந்தது. இஃது அஞ்சத்தக்க செய்தி. முதற் பார்வை பொய்யாயினும், பின்வரும் மனம் அதற்கு வழக்கறிஞனாய் நின்று வாதாடுகின்றது.

சாதி என்னும் நோய் வாழ்வதும் இவ்விடத்திலேயே. உடையையும் நிறத்தையும் பேச்சையும் கண்டு ஒருவன் முகம் சுருங்குகின்றது. குவளையை எட்ட வைக்கின்றது கை. கேட்டால், "நான் வேற்றுமை பார்ப்பவனல்லன்" என்பான். அவன் பொய்யன் ஆகவேண்டுவதில்லை; அவன் அறியவில்லை. அறியாமை என்பது விடுதலைச் சீட்டு ஆகுமோ? ஆகாது.

அபிதம்மம் இவ்விடத்தில் நுட்பமான வரம்பு கட்டுகின்றது. கண்ணறிவும், அதனை ஏற்றலும், ஆராய்தலும் முன்வினையின் பயன், அவை விபாகம். ஜவனம் என்னும் படியிலேயே நல்வினையும் தீவினையும் பிறக்கின்றன. ஏனெனின் சேதனையே வினை என்பது பகவன் வாக்கின் கருத்து. ஆகவே முதலில் மின்னிய அச்சுளிப்பு, வளர்ந்த வீடும் தெருவும் ஊட்டிய பழக்கத்தின் விளைவு எனக் கொள்ளலாம். அதன்பின் அவன் என்ன செய்தான் என்பது அவன் வினை. சுளிப்பை அறிந்து குவளையை அருகே வைத்தானாயின் புதுவழி வெட்டினான். அறிய மறுத்தானாயின் பழைய வழியை ஆழமாக்கினான். நாளை அவன் சுளிப்பு இன்னும் விரைவாய் வரும். இன்றைய ஜவனமே நாளைய பழக்கம்.

இதனைப் பிறர்க்கு மட்டும் உரைப்பது தகாது. துன்புற்ற கூட்டத்தார்க்கும் முதற் பார்வை உண்டு. வடநாட்டிலிருந்து கொச்சிக்கு வேலைதேடி வந்த இளைஞனைக் காணும்போதும், சாக்கடை அள்ளி வரும் தோழனைக் காணும்போதும், நம் மாலைக் கூட்டத்தில் பிந்திவந்து கடைசியில் அமரும் பெண்ணைக் காணும்போதும் நம் கண் என்ன தீர்ப்பளிக்கின்றது என்பதை நாமே நோக்கவேண்டும்.

நோக்கும் கருவி யாது? பாலியில் 'ஸதி' என்றும், தமிழில் நற்கடைப்பிடி என்றும் வழங்குவதே அது. அஃது கண்ணை மூடுதல் அன்று. முதற் பார்வையை வராமற் செய்தலும் அன்று. அது வந்ததை வந்தது என்று அறிதல். 'வெறுப்பு எழுந்தது' என்று அறிந்த கணத்தில், வெறுப்புக்கும் கைக்கும் இடையே ஓரிடம் பிறக்கின்றது. அவ்விடம் மிகச் சிறிது. மனிதனின் உரிமை முழுவதும் அதற்குள்ளே இருக்கின்றது.

பயிற்சியும் வினாக்களும்

இவ்வாரம் நாடோறும் ஒருமுறை, தெருவில் முதன்முதல் எதிர்ப்படும் அறிமுகமில்லாதவரைக் கண்டவுடன் மனத்தில் எழுந்தது யாது என்று குறித்துக்கொள்க. நன்றெனவும் தீதெனவும் தீர்ப்புச் சொல்லவேண்டா, குறித்தலே போதும். வார முடிவில் கூட்டத்தில் கூடி, விரும்புவோர் சொல்லலாம்.

1. குருட்டுப் பார்வையர் எதனைச் செய்ய வல்லார்? எதனைச் செய்ய மாட்டார்?
2. 'பார்த்தும் காணாமை'க்கு உங்கள் வேலைத்தலத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
3. முதற் பார்வைக்கும் வினைக்கும் அபிதம்மம் வகுக்கும் வரம்பு யாது? அவ்வரம்பு, 'அறியாமற் செய்தேன்' என்பவனை விடுவிக்கின்றதா?
4. வீட்டில் ஒருவர் திடீரென ஒருபக்கத்தைக் காணாதொழிந்தால் நீங்கள் முதலிற் செய்யவேண்டுவது யாது?

கண்டதை அறிவோம், அறிந்ததைத் திருத்துவோம். யாவரும் நலமுறுக.